ஃபைபர் லேண்ட்லைன், சொந்த ரவுட்டர்: போனை எங்கே செருகுவது?

காப்பர் லைனை விட்டு ஃபைபருக்கு மாறிய வீடுகளில் கொஞ்ச நாளிலேயே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. கம்பெனி கொடுத்த பெட்டியின் வைஃபை பின் அறைவரை எட்டுவதில்லை. நல்ல ரவுட்டர் ஒன்றை நாமே வாங்கி மாட்டலாம் என்று பார்த்தால், லேண்ட்லைன் போனும் அந்தப் பெட்டியில்தான் செருகியிருக்கிறது. அதில் கை வைத்தால் போன் போய்விடுமோ என்ற பயம். பயம் நியாயமானதுதான். கேஸ் ஏஜென்சி முதல் ஊரில் இருக்கும் சித்தப்பாவரை எல்லோரும் குறித்து வைத்திருப்பது அந்த நம்பரைத்தான். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அது வெறும் நம்பர் இல்லை.

ஓஎன்டி என்ற அந்தப் பெட்டிக்குள் ஒரே ஃபைபர் இழைதான் வருகிறது. ஆனால் இன்டர்நெட்டும் குரலும் அதில் தனித்தனி விலேன்களில், அதாவது தனித்தனிப் பாதைகளில் வருவதுதான் வழக்கம். குரலுக்கு முன்னுரிமையும் உண்டு. ஓர் அழைப்புக்குத் தேவை 64 கேபிபிஎஸ். ஒவ்வொரு துண்டோடும் ஒட்டி வரும் முகவரித் தகவல்களோடு சேர்த்தால் சுமார் 90. வீடுகளுக்கு வரும் ஜிபான் வகை ஃபைபரில் நம் பக்கமாக 2.5 ஜிபிபிஎஸ்வரை வருகிறது. ஆகவே வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. போன் எந்தப் பெட்டியில் உயிரோடு இருக்கிறது என்பதுதான் விஷயம். போனையும் ரவுட்டரையும் வைக்க மூன்று வழிகள் உண்டு; இதை வைத்துத்தான் நான் அவற்றை எடைபோடுகிறேன்.

எதையும் தொடாமல் கம்பெனி பெட்டியையே வைஃபைக்கும் போனுக்கும் விட்டுவிடுவது முதல் வழி. சின்ன வீடு, இரண்டு மூன்று மொபைல், ஒரு டிவி என்றால் இதுவே போதும்.

இரண்டாவது, ஓஎன்டியை பிரிட்ஜ் மோடுக்கு, அதாவது இன்டர்நெட்டை வெறுமனே கடத்திவிடும் நிலைக்கு மாற்றி, இன்டர்நெட்டை மட்டும் நம் ரவுட்டரிடம் கொடுப்பது. கம்பெனி தந்த இன்டர்நெட் லாகினை (பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டை) நம் ரவுட்டரில் போட வேண்டும். போன் ஓஎன்டியிலேயே இருக்கும். பிஎஸ்என்எல் ஃபைபரில் இது வெகு சகஜம். ஏர்டெல்லிலும் பலர் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

இதைச் செய்யும்போது கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஓஎன்டியின் செட்டிங்ஸ் பக்கத்தில் இணைப்புகளின் பட்டியல் இருக்கும். ஒன்றின் பெயரில் 'இன்டர்நெட்' என்று வரும், இன்னொன்றில் 'வாய்ஸ்' அல்லது 'வாய்ப்' என்று வரும். பல பெட்டிகளில் 'டிஆர்069' என்று மூன்றாவதும் இருக்கும். கம்பெனி தூரத்திலிருந்து பெட்டியை நிர்வகிக்க வைத்திருக்கும் வழி அது. மாற்ற வேண்டியது இன்டர்நெட் வரியை மட்டும். மற்ற இரண்டையும் தொடவே கூடாது. ரீசெட் ஓட்டையில் குண்டூசி விடுவது அதைவிட மோசம். எஸ்ஐபி விவரம், அதாவது இன்டர்நெட் முறையில் பேசுவதற்கான போன் கணக்கு விவரம் அழிந்தால் டயல் டோன் போய்விடும், அப்புறம் ஆள் வந்து போட்டுக் கொடுத்தால்தான் உண்டு. மாற்றத்துக்கு முன்னால் அந்தப் பக்கங்களை மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜியோவில் கதை வேறு. வீட்டு இணைப்புக்கு அவர்கள் தரும் பெட்டியில் பிரிட்ஜ் மோட் பொதுவாகக் கிடைக்காது. நம் ரவுட்டரை அதன் லேன் போர்ட்டில் செருகி, வைஃபையை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் மோடில் வைப்பதுதான் சுலபம். இன்டர்நெட் ஜியோ பெட்டி வழியாகத்தான் போகும், ஆனால் வைஃபை நம்முடையதாக இருக்கும். போன் போர்ட்டுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. ஜியோஜாயின் ஆப் வைத்திருந்தால் அதே லேண்ட்லைன் நம்பரில் மொபைலிலிருந்தும் பேசலாம். போன் வயரை மாடிவரை இழுக்க முடியாத வீட்டில் இது பெரிய வசதி. ஆனால் கண் மங்கிய பாட்டிக்கு ஆப் ஈடாகாது. பெரிய பட்டன் வைத்த போன்தான் சரி.

மூன்றாவது வழி ஆர்வலர்களுடையது: எஸ்ஐபி கணக்கு விவரத்தை வாங்கி, சாதாரண போனை நெட்டில் இணைக்கும் கிராண்ட்ஸ்ட்ரீம் ஹெச்டி801 போன்ற அடாப்டரில் போட்டு, அதை நம் ரவுட்டருக்குப் பின்னால் மாட்டுவது. போனை வீட்டில் எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம், பெட்டி மாறினாலும் செட்டிங்ஸ் நம் கையில் இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஜெர்மனியில் இது உரிமையே. 2016 ஆகஸ்ட் 1 முதல் அங்கே வாடிக்கையாளர் தனக்குப் பிடித்த ரவுட்டரை வைத்துக்கொள்ளலாம். நெட்டுக்கும் போனுக்கும் தேவையான விவரங்களைக் கம்பெனி கொடுத்தே ஆக வேண்டும். ஃபிரிட்ஸ்பாக்ஸ் என்ற ரவுட்டர் ஒன்றை வாங்கி அதிலேயே போனைச் செருகிவிடுகிறார்கள். பிரிட்டனில் நேர் எதிர்: பிடி கம்பெனியின் டிஜிட்டல் வாய்ஸ் என்ற ஃபைபர் போன் வேண்டுமானால் அவர்களுடைய ஹப் என்ற ரவுட்டரை வைத்துக்கொண்டே ஆக வேண்டும். நம் ஊரில் எஸ்ஐபி பாஸ்வேர்டு கிடைப்பது கம்பெனியையும் ஆளையும் பொறுத்தது. ஜெர்மனி மாதிரி விதி இங்கேயும் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பணம் கட்டுகிறவருக்கு அந்த விவரத்தை ஏன் மறைக்க வேண்டும்?

விவரம் கிடைத்தாலும் இந்த வழியை எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். குரலுக்கென்று இருந்த தனிப் பாதையை விட்டுவிட்டு, வீட்டின் மற்ற டிராஃபிக்கோடு அதையும் வரிசையில் நிறுத்துகிறோம். பையன் வீடியோ அப்லோடு செய்யும் நேரத்தில் பேச்சு வெட்டி வெட்டிக் கேட்கும். ரவுட்டரில் கியூஓஎஸ் வைத்துக் குரலுக்கு முன்னுரிமை கொடுத்தால் சரியாகும், அதையும் நாம்தான் செய்ய வேண்டும். இன்னொரு தலைவலி, ஒரு பக்கம் மட்டும் கேட்பது. நாம் பேசுவது அவருக்குக் கேட்கும், அவர் பேசுவது நமக்குக் கேட்காது. எஸ்ஐபி செய்திக்கு உள்ளேயே ஐபி முகவரி எழுதப்பட்டிருப்பதும், வீட்டு முகவரியை வெளி முகவரியாக மாற்றும் ரவுட்டரின் நாட், உறைமேல் இருப்பதை மட்டும் மாற்றி உள்ளே இருப்பதை விட்டுவிடுவதும்தான் காரணம். இதைத் திருத்துவதற்காக ரவுட்டர்களில் 'எஸ்ஐபி ஏஎல்ஜி' என்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் அது நிலைமையைக் கெடுக்கவே செய்யும், முதலில் அதை ஆஃப் செய்து பாருங்கள்.

எல்லாவற்றையும்விட, கரண்ட். பழைய காப்பர் லைனில் எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். தெரு முழுக்க இருட்டானாலும் போன் பேசும். ஃபைபர் இழையில் மின்சாரம் வராது. இரண்டாவது வழியில் ஓஎன்டி ஒன்றுக்கு மட்டும் பேக்கப் இருந்தால் போன் உயிரோடு இருக்கும். மூன்றாவதில் ஓஎன்டி, ரவுட்டர், அடாப்டர் மூன்றுக்கும் வேண்டும். எது அணைந்தாலும் டயல் டோன் இல்லை. நள்ளிரவில் 108-ஐ அழைக்க வேண்டிய வீட்டுக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. எனக்கு இரண்டாவது வழி பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இதுதான்.

இன்வெர்ட்டர் இல்லையென்றால் மினி யூபிஎஸ் போதும். பெரும்பாலான ஓஎன்டிகள் 12 வோல்ட். ஓஎன்டியின் கரண்ட் அடாப்டரின் மேல் ஒட்டியிருப்பதைப் படித்து அதே வோல்ட், அதே அல்லது அதிக ஆம்பியர் உள்ளதாக வாங்குங்கள். ஆனால் 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த மாதிரி மரமும் கம்பமும் சாயும் நாளில், கம்பத்தில் தொங்கும் ஃபைபர் அறுந்தால் எந்த யூபிஎஸ்ஸும் உதவாது. ஓஎன்டியில் எல்ஓஎஸ் (சிக்னல் இல்லை) விளக்கு சிவப்பாக மின்னினால் அதுதான் அர்த்தம். கையில் ஒரு மொபைல் சார்ஜோடு இருக்கட்டும்.

ஓஎன்டி ஹாலில், போன் படுக்கையறையில் என்றால் புது வயர் இழுக்க வேண்டியதில்லை. சுவருக்குள் பழைய டெலிபோன் வயர் இருந்தால், வெளியிலிருந்து வரும் காப்பர் ஜோடியை முதலில் முற்றிலும் கழற்றிவிட்டு, ஓஎன்டியின் போன் போர்ட்டை அதில் இணைத்துவிடலாம். கழற்றாமல் இணைத்தால் போர்ட் கெட்டுப்போக வாய்ப்புண்டு. அதோடு, சுழற்றும் டயல் வைத்த பழைய போனில் அழைப்பு வரும், பேசலாம். ஆனால் பல ஓஎன்டிகளில் டயல் செய்ய முடியாது.

மாற்றி முடித்ததும் வெளியிலிருந்து லேண்ட்லைனுக்கு ஒரு அழைப்பு, லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு ஒரு அழைப்பு போட்டுப் பாருங்கள். மொபைலுக்கு முன்னால் 0 சேர்க்க வேண்டும், அது 2021 ஜனவரி 15 முதல் வந்த விதி. பேங்க் கஸ்டமர் கேரை அழைத்து எண்களை அழுத்தியும் பாருங்கள். அழுத்திய எண்ணே போகிறதென்றால் வேலை முடிந்தது.