பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கிய நாய்: ஷோலோவா, அமெரிக்கன் ஹேர்லெஸ் டெரியரா?

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் நாயைத் தாராளமாகப் பார்க்கலாம். மூன்று வருஷத்துக்கு முன், முடியில்லாத நாயாகத் தேடியபோது நான் பார்த்தேன். மெக்சிகோவின் முடியில்லா நாயான ஷோலோவை விட்டுவிட்டு அமெரிக்கன் ஹேர்லெஸ் டெரியரோடு வீடு திரும்பியதற்கு அதுதான் காரணம்.

வம்சப் பெருமையில் ஷோலோவை அடித்துக்கொள்ள ஆளில்லை. முழுப்பெயர் ஷோலோஇட்ஸ்குவின்ட்லி. பழைய மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்கள் கும்பிட்ட ஷோலோட்ல் தெய்வத்தின் பெயரோடு, அவர்கள் மொழியான நஹுவாட்லில் நாயைக் குறிக்கும் சொல் சேர்ந்தது. மேற்கு மெக்சிகோவில் கொலிமா பக்கத்துப் பழங்காலக் கல்லறைகளில் கொழுகொழுவென்று சுடுமண் நாய்கள் கிடைத்திருக்கின்றன. மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவும் ஷோலோ வளர்த்தவர்தான். டெரியரின் கதை ரொம்பச் சின்னது. 1972-ல் லூசியானாவில், ஒரு ரேட் டெரியர் ஈத்தில் முடியில்லாமல் ஒரு பெட்டைக் குட்டி பிறந்தது. ஜோசஃபின் என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கு இருப்பதெல்லாம் அவள் வழி வந்தவை. நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப் (ஏகேசி) முழு அங்கீகாரம் கொடுத்ததே 2016-ல்.

இனி பல்லுக்கு வருகிறேன். ஷோலோ வளர்ப்பவர் ஒருவர் தன் நாயின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். கோரைப்பல் முன்பக்கமாகத் துருத்திக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் வெறும் ஈறு. அடிபட்டதா என்று கேட்டேன். சிரித்தார். பிறவியிலேயே அப்படித்தானாம்.

ஷோலோ, பெரு நாட்டு முடியில்லா நாய், சைனீஸ் கிரெஸ்டட் என்ற மூன்று இனங்களுக்கும் முடி போனது ஒரே மரபணு மாற்றத்தால். அந்த மரபணுவுக்கு ஃபாக்ஸ்ஐ3 என்று பெயர். கருவில் முடியும் பல்லும் ஒரே வகைத் திசுவிலிருந்து உருவாவதால், அது முடியோடு பல்லிலும் கைவைத்துவிடுகிறது. தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் அந்த மாற்றம் சேர்ந்து வந்தால் குட்டி கருவிலேயே அழிந்துவிடும். அதனால் முடியில்லாத ஜோடியைச் சேர்த்தாலும் ஈத்தில் முடியுள்ள குட்டிகள் வரும். டெரியரில் மாறியிருப்பது எஸ்ஜிகே3 என்ற வேறு மரபணு. இதில் இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் முடி உதிரும், பல்லுக்கு ஒன்றும் ஆகாது. என் நாய்க்கு 42 பல்லும் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், கடி வாங்காமல்.

பல் குறைவாக இருந்தாலும் ஷோலோக்கள் நன்றாகச் சாப்பிடுகின்றன, அதை மறைக்க மாட்டேன். ஆனால் எங்கள் பழைய நாய்க்குக் கடைசி இரண்டு வருஷத்தில் ஒன்பது பல் பிடுங்க வேண்டி வந்தது. ஒவ்வொரு தடவையும் மயக்க மருந்து, ஒவ்வொரு தடவையும் பில். திரும்ப அந்த வரிசையில் போய் உட்கார மனசு வரவில்லை.

தோல் பராமரிப்பில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்: துத்தநாகம் கலக்காத சன்ஸ்கிரீன், குளிருக்கு ஸ்வெட்டர். கருந்தோல் ஷோலோ வெயில் தாங்கும் என்கிறார்கள். ஒரே ஒரு பிற்பகல் பழகிவிட்டு அதற்கு நான் சாட்சி சொல்ல முடியாது. என்னுடையவள் இளஞ்சிவப்புத் திட்டுக்காரி, முதல் கோடையிலேயே முதுகு கன்றிவிட்டது. நாய் ஒவ்வாமையால் வரும் மனைவியின் தும்மல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஒவ்வாமையைக் கிளப்பும் பொருள் எச்சிலிலும் தோல் பொடுகிலும் இருக்கிறதே.

குணத்தில் மட்டும் கொஞ்சம் ஏக்கம் உண்டு. அந்தப் பிற்பகல் முழுக்க ஷோலோ என் காலடியில் வெந்நீர்ப் பை மாதிரிச் சூடாகக் கிடந்தது. இவள் அணிலைக் கண்டால் போதும். வேலிக்கு அடியில் மூன்று பள்ளம் ஆகிவிட்டது, நாலாவது நடந்துகொண்டிருக்கிறது.