கியர் ராடு ஆடுகிறதா? கியர் பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன் இதைப் படியுங்கள்

அப்பா 2008-ல் வாங்கிய மாருதி 800 இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. கொஞ்ச நாளாகவே கியர் ராடில் ஆட்டம். நியூட்ரலில் விட்டால் குழம்புச் சட்டியில் போட்ட கரண்டி மாதிரி நாலு பக்கமும் சுற்றும். ஒருநாள் மணப்பாறை போகும் வழியில், ஒரு மேட்டில் முதல் கியர் என்று போட்டது மூன்றாவதில் விழுந்து எஞ்சின் நின்றுவிட்டது. வண்டி பின்னால் உருள, லாரிக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே நின்றார். பக்கத்தில் அப்பா. அன்றைக்கே சரிசெய்துவிட வேண்டும் என்று திருச்சியில் பைபாஸ் ரோட்டில் இருந்த ஒரு பெரிய பட்டறையில் விட்டேன்.

அங்கே இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "சிங்க்ரோனைசர் ரிங் போச்சு சார். கியர் பாக்ஸை இறக்கணும். இறக்கும்போதே கிளட்ச் செட்டும் மாத்திடலாம்" என்றார்கள். (கியர் பாக்ஸுக்குள், கியர் கடிக்காமல் விழ உதவும் பித்தளை வளையம் அது.) கீழே படுத்து யாரும் பார்க்கவில்லை. மூன்று நாள், 16,800 ரூபாய். பில் கேட்டதற்கு 'எஸ்டிமேட்' என்று தலைப்புப் போட்ட துண்டுச்சீட்டு. பழைய சாமான் கேட்டதற்கு ஒரு கவரில் இரண்டு பித்தளை ரிங்.

வீடு வந்து சேர்வதற்குள் தெரிந்துவிட்டது, அதே ஆட்டம். திரும்பப் போனால், "புது ரிங் செட் ஆக 500 கிலோமீட்டர் ஓடணும்" என்றார்கள். நம்பி ஓட்டினேன். அப்புறம் போனையே எடுக்கவில்லை.

பாலக்கரைப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். எஞ்சினை அணைத்துவிட்டு என்னை கியர் போடச் சொன்னார். டார்ச்சோடு கீழே போனவர், "தம்பி, வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். ராடு சேரும் இடத்தில், ஆட்டமில்லாமல் பிடித்துக்கொள்ளும் சின்ன வளையமான புஷ் இருந்த அடையாளமாகக் கறுப்புத் துணுக்குகள் மட்டும். வெறும் ஓட்டைக்குள் போல்ட் லொடலொடவென்று ஆடியது. அடுத்து கியர் பாக்ஸைக் காட்டினார். எஞ்சினோடு சேர்க்கும் போல்ட்டுகள் மேல் எண்ணெயும் மண்ணும் இறுகி ஓடு மாதிரி அப்பியிருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. "இதுல ஸ்பானரே படல தம்பி." பித்தளை ரிங்கைக் கையில் வாங்கி, "இது 800-க்கு உள்ளதே இல்ல, பெரிய வண்டியோடது" என்றார்.

புஷ் செட் 220, கூலி 300. முக்கால் மணி நேரத்தில் ராடு புது வண்டி போல நின்றது.

அவர் சொல்லித்தந்ததை அப்படியே எழுதுகிறேன். எஞ்சின் ஓடாதபோதும் ராடு தளர்ந்து ஆடினால் முதலில் புஷ்ஷைப் பார்க்கச் சொல்லுங்கள். ராடு அசைந்தும் கீழே உள்ள இணைப்பு தாமதமாக அசைந்தால் பழுது அங்கேதான். ரிங் தேய்ந்திருந்தால் ராடு இறுக்கமாகவே இருக்கும், குறிப்பிட்ட கியர் விழும்போது மட்டும் கர்ரென்று கடிக்கும். எஞ்சினை அணைத்தால் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கிளட்ச்சைப் பார்க்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் ராடு முன்னும் பின்னும் குதித்தால், எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் எஞ்சின் மவுண்டைப் பார்க்க வேண்டும். (கியருக்குக் கேபிள் வைத்த வண்டி என்றால், முதலில் பார்க்க வேண்டியது கேபிள் முனையில் உள்ள புஷ்ஷை.)

பாக்ஸை இறக்கத்தான் வேண்டும் என்றால், இறக்கிய பிறகு கூப்பிடச் சொல்லி நேரில் போய்ப் பாருங்கள். ஜிஎஸ்டி எண் போட்ட பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். அந்தத் துண்டுச்சீட்டு இப்போது என் கையைக் கட்டுகிறது. நல்லவேளை, பணம் போனில் அனுப்பியதால் பதிவு இருக்கிறது.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லியிருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மண் அப்பிய அந்த போல்ட்டுகளை, கழுவுவதற்கு முன்பே பெரியவர் என்னைப் படம் எடுக்கவைத்தார். மனுவில் முதலில் வைக்கப்போவது அதைத்தான்.