எடிட் பண்ணித் தருகிறேன் என்று ஹார்ட் டிஸ்க் கேட்பவரிடம் கவனம்

குறும்படம் எடுத்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்காக எழுதுகிறேன். எடிட்டிங்கை வெளியாளிடம் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்களுடையது பத்துப் பன்னிரண்டு நிமிடப் படம், படிப்பை முடிப்பதற்கான படம். எடிட் செய்வதாக இருந்த வகுப்புத் தோழி நடுவில் விலக வேண்டி வந்ததால், தெரிந்தவர் மூலம் ஒரு எடிட்டரைப் பிடித்தோம். ஷோரீல், அதாவது அவர் முன்பு செய்த வேலைகளின் தொகுப்பு, பிரமாதமாக இருந்தது. பேச்சும் இனிமை. "தம்பி, நீங்க ரஷ்ஷை மட்டும் கொடுங்க, மத்ததை அண்ணன் பாத்துக்கிறேன்" என்றார். ரஷ் என்றால் கேமராவில் எடுத்த, இன்னும் வெட்டாத காட்சிகள். பாதிப் பணம் முன்பணமாகப் போனது, கூடவே ஹார்ட் டிஸ்க்கும்.

முதல் கட், அதாவது வெட்டிக் கோத்த முதல் வடிவம், சீக்கிரமே வந்தது. மொபைலில் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. புரொஜெக்டரில் போட்டோம். நாயகி வராந்தாவில் நடந்து வர, கேமரா அவளோடு சேர்ந்து திரும்பும் ஒரு ஷாட். அதில் பின்னால் இருக்கும் தூண்கள் வழுக்கிக்கொண்டு போகாமல் விக்கி விக்கிப் போயின. கேட்டதற்கு "உங்க கேமரா கோளாறு தம்பி" என்றார். ரஷ்ஷில் அதே ஷாட் தண்ணீர் மாதிரி ஓடியது.

விஷயம் இதுதான். நாங்கள் எடுத்தது நொடிக்கு 25 ஃப்ரேம், அதாவது 25 தனிப் படங்கள். அவர் ஷாட்டுகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனைத் திறந்திருந்தது 30 ஃப்ரேமில். அப்படிப் போட்டால் நொடிக்கு ஐந்து ஃப்ரேம் பற்றாது. மென்பொருள் ஐந்து ஃப்ரேமை இரண்டிரண்டு முறை காட்டி ஒப்பேற்றும். ஆள் உட்கார்ந்து பேசும் காட்சியில் கண்ணுக்குப் படாது, கேமரா நகர்ந்தால் உடனே பல்லைக் காட்டும். அவர் வேலை செய்தது டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில். அதில் மீடியாவை உள்ளே போட்ட பிறகு அந்த ப்ராஜெக்ட்டின் ஃப்ரேம் ரேட்டை மாற்ற விடாது. சரிசெய்ய வேண்டுமென்றால் சரியான ரேட்டில் புதிதாகத் தொடங்கி எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். கேமரா மேல் ஏன் பழி வந்தது என்பது அப்புறம்தான் புரிந்தது.

ஒலி இன்னும் மோசம். நடிகர்களுக்குச் சட்டையில் குத்தும் லேப்பல் மைக் மாட்டி, தனி ரெக்கார்டரில் பதிவு செய்து, ஒவ்வொரு டேக்குக்கும் கிளாப் அடித்துக் கொடுத்திருந்தோம். அவர் பாதி ஷாட்டுகளுக்குத்தான் அதைப் படத்தோடு பொருத்தி சிங்க் செய்திருந்தார். மீதிக்கு கேமராவின் சொந்த மைக் ஒலியே ஓடியது. அப்பாவின் முகம் வரும்போது குரல் காதருகே கேட்கிறது. மகள் பக்கம் கட் ஆனதும் அறையின் எதிரொலியோடு எங்கோ தள்ளிப் போகிறது. மறுபடி அப்பா, மறுபடி பக்கத்தில். படத்தின் முக்கியமான சண்டைக் காட்சி அது. பார்ப்பவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் நடிப்பு சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். நடித்தவர்கள் மேல் விழும் பழி அது, அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இசையைப் பற்றி ஒரு வரி. ஹெட்போன் போட்டுக் கேட்டால், வயலினுக்கு அடியில் ஒரு குரல் விற்பனைத் தளத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தது. காசு கட்டி வாங்காத முன்னோட்டப் பிரதியை அப்படியே போட்டிருக்கிறார். "அதெல்லாம் யாரும் கவனிக்க மாட்டாங்க" என்று பதில். விழாக்களுக்கு அனுப்பும்போது இசை உரிமை உங்களிடம் இருக்கிறதா என்று கேட்பார்களே, அப்போது கையெழுத்துப் போடப்போவது அவரா?

சரி, திருத்திக் கொடுங்கள் என்றோம். ஒவ்வொரு கரெக்ஷனுக்கும் தனிப் பணம் என்றார், இது முதலில் பேசாத பேச்சு. அப்படியானால் ப்ராஜெக்ட் ஃபைலைக் கொடுங்கள், நாங்களே சரிசெய்துகொள்கிறோம் என்றதும் தொனியே மாறியது. "அது எடிட்டரோட சொத்து."

நியாயமாகச் சொல்கிறேன், ப்ராஜெக்ட் ஃபைல் தராத நல்ல எடிட்டர்கள் உண்டு. தங்கள் டெம்ப்ளேட்டுகள், கலர் வேலை எல்லாம் அதில் இருக்கும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதில் தவறில்லை. ஆனால் எக்ஸ்.எம்.எல் அல்லது இ.டி.எல் என்ற கட் பட்டியல் ஃபைலைக் கேட்டால் மறுக்க ஒரு காரணமும் கிடையாது. எந்த கிளிப், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, டைம்லைனில் எந்த இடத்தில் உட்கார்கிறது என்ற விவரம்தான் அதில் முக்கியம். அது இருந்தால் வேறு எடிட்டர் அதே கட்டைத் தன் மென்பொருளில் திறந்து வேலையைத் தொடரலாம். இல்லையென்றால் உங்கள் கையில் இருப்பது ஒட்டிப்போன ஒற்றை வீடியோ. அதில் ஒரு இசையை மட்டும் சுத்தமாக எடுப்பதுகூடக் கஷ்டம், வசனமும் சேர்ந்து கெட்டுப்போகலாம்.

கடைசியில் பாக்கிப் பணத்தோடு கூடுதலாகவும் கொடுத்தால்தான் ஹார்ட் டிஸ்க் வரும் என்றார். அங்கேதான் அவர் கணக்கு தப்பியது. கேமரா பார்த்த நண்பன் கார்டுகளை அழிக்கும் முன் எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்க்கில் ஏற்றி வைத்திருந்தான். பதிலே போடாமல் நாங்களே உட்கார்ந்தோம். 25 ஃப்ரேமில் புது டைம்லைன், மேல் ட்ராக்கில் அவர் அனுப்பிய வீடியோ பாதி ஒளிபுகும்படி, கீழே எங்கள் ரஷ். ரிசால்வில் கட் இருக்கும் இடங்களைத் தானே கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறது, அது பாதி வேலையைக் குறைத்தது. வசனத்தை எல்லாம் கிளாப் பார்த்து மறுபடி சிங்க் செய்தோம். வராந்தா ஷாட் இப்போது ஒழுங்காக ஓடுகிறது.

வெளியாளிடம் கொடுத்தே ஆக வேண்டுமா? முழுப் படத்தையும் தூக்கிக் கொடுக்காமல் முதலில் ஒரே ஒரு காட்சி கொடுங்கள், ஒலி தனியாக உள்ள காட்சியாக, கேமரா நகரும் ஷாட் ஒன்றாவது இருப்பதாக. மொபைலில் பார்த்து ஓகே சொல்ல வேண்டாம். எத்தனை முறை திருத்தம், முடிவில் வீடியோவோடு என்னென்ன வரும் என்பதை மெசேஜிலாவது எழுத்தில் வாங்குங்கள்: எக்ஸ்.எம்.எல், அப்புறம் வசனம், இசை, ஒலி விளைவுகள் மூன்றும் தனித்தனி ஆடியோ ஃபைல்களாக. பார்ப்பதற்கு அனுப்பும் பிரதியில் டைம்கோடு, அதாவது திரையில் ஓடும் நேரக் கணக்கு, பதிந்திருக்கட்டும். "அந்த அழுகிற சீனுக்கு அப்புறம்" என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். முக்கியமாக, ஒரிஜினல் டிஸ்க் கைமாறக் கூடாது, பிரதிதான் போக வேண்டும்.

டிஸ்க் பின்னர் ஒருவர் மூலம் திரும்பி வந்தது, ஃபார்மேட் செய்யப்பட்டு. முன்பணம் வரவில்லை. அவர் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் உங்கள் படம் இப்படி யாரிடமாவது மாட்டியிருந்தால், எக்ஸ்.எம்.எல்லை இன்றைக்கே கேளுங்கள், பாக்கிப் பணம் உங்கள் கையில் இருக்கும்போதே.