சாட்ஸ்வொர்த் ஞாயிறு சமய வகுப்பு: வேதம் அருமை, திருமுறையில் தடுமாற்றம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில், பெரியவர்களுக்காக இந்த வகுப்பு நடக்கிறது. வேதப் பகுதிதான் உச்சம். இருக்கு வேதத்துக்கு 10 மண்டலம் (பகுதி), 1028 சூக்தம் (துதிப்பாடல்) என்று ஒப்பிப்பதோடு நிற்காமல், புருஷ சூக்தத்தை (10.90) வரிவரியாகப் பிரிக்கிறார்கள். நான்கு வருணமும் சேர்ந்து வருவது அந்த வேதத்தில் இங்கே மட்டும்தான். 10ஆம் மண்டலத்தின் பெரும்பகுதி பிற்காலத்தது என்பது ஆய்வாளர் கருத்து. இன்றைய சாதிப் பட்டியலை அதற்குள் தேடுபவர்களுக்கு நல்ல மருந்து.

கர்மமும் மறுபிறப்பும் உபநிடதங்களில் உருப்பெறும் விதத்தையும் நிதானமாகச் சொல்கிறார்கள். கீதையின் 18 அத்தியாயமும் ஒரே அமர்வில் ஓடிவிடுகிறது.

சறுக்கல் சைவப் பாடல் தொகுப்பான திருமுறையில். முதல் 7 தேவாரம், 8 திருவாசகம், 10 திருமந்திரம் என்ற வரிசை சரி. கொடுக்கும் தாளில்தான் கோளாறு: பாட்டு ஆங்கில எழுத்தில் மட்டும், ஒலி வேறுபாட்டைக் காட்டும் குறிகளே இல்லை. ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்து என்பதால் ‘வாழி’ பாட வேண்டிய இடத்தில் கிஷ்கிந்தை வாலி வந்து நிற்கிறான்! தமிழ் மூலத்தைக் கைப்பேசியில் திறந்து, ழகரம் வரும் இடங்களில் தாளில் பென்சிலால் கோடிட்டுக்கொண்டு போனால் சமாளிக்கலாம்.