பந்தைத் தொடாதவரைப் பார்க்க ஒரு சந்தா

காரைக்குடியில் இருந்தபடி அமெரிக்கக் கால்பந்து பார்ப்பதற்காக ஒரு இணையவழி ஒளிபரப்புச் சேவைக்கு ஆண்டுச் சந்தா கட்டி, 2024ஆம் ஆண்டுப் பருவம் முழுவதையும் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கையும் அதைப் பிடித்து ஓடுபவரையும்விட, அவர்களுக்கு முன்னால் சுவராக நிற்கும் லைன்மேன்களைப் பார்ப்பதே என் நோக்கம். அதிலும் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் இடது டாக்கிள், அதாவது அந்தச் சுவரின் இடது ஓரத்தில் நிற்பவரான ஜோர்டன் மைலாட்டாவை. சிட்னியில் ரக்பி லீக் ஆடி வளர்ந்த அவர், அமெரிக்கக் கால்பந்தில் ஓர் ஆட்டம்கூட ஆடியிராத நிலையில், 2018இல், அணிகள் முறைவைத்துப் புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வின் ஏழாம் சுற்றில் 233ஆவது ஆளாகத் தேர்வானார். இரண்டு பருவங்கள் களமிறங்காமல் கழிந்தன. 2020இல் வாய்ப்புக் கிடைத்தது. அடுத்த ஆண்டே நான்கு ஆண்டுகளுக்கு 6.4 கோடி டாலர் ஒப்பந்தம்.

வழக்கமான ஒளிபரப்பில் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடிவிடுவதால் இவர் கண்ணில் படுவதே அரிது. இந்தச் சேவையிலோ, பயிற்சியாளர்கள் பார்ப்பதற்கென்று 22 பேரும் தெரியும்படி உயரத்திலிருந்து எடுத்த பதிவும், களத்தின் முனையிலிருந்து எடுத்த பதிவும் கிடைக்கின்றன. இரண்டாவதுதான் லைன்மேனுக்கு உரியது. 165 கிலோ எடையுள்ள மனிதர் இடது காலைப் பின்னுக்கு வைத்து, இடுப்பைத் தாழ்த்தி, பாய்ந்து வருபவரின் மார்பில் இரு கைகளையும் பதித்து, குவார்ட்டர்பேக் பந்தை எறியும் வரையிலான இரண்டு மூன்று விநாடிகளை எப்படி வாங்கித் தருகிறார் என்பதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கூடவே உட்கார்ந்திருந்த எங்கள் ஆயா, “ஏன்டா ராசா, இம்புட்டுப் பெரிய ஆளு, பந்தையே தொடமாட்டேங்கிறானே?” என்றார். அதற்குத்தான் சம்பளம் என்றேன், நம்பவில்லை.

குறைகளும் உண்டு. ஈகிள்ஸ் 40–22 என்று வென்ற இறுதிப் போட்டிக்காக 2025 பிப்ரவரி 10 அன்று விடியற்காலை ஐந்து மணிக்கே வீட்டு முகப்பில் வந்து உட்கார்ந்தேன். முதல் பாதியில் மூன்று முறை படம் உறைந்து நின்றது. உள்ளே வளவில் வைத்திருக்கும் வைஃபை முகப்புக்கு எட்டாதது எங்கள் ஐயா கட்டிய சுவரின் குற்றம் என்பதால், அன்று கைப்பேசி இணையத்தில்தான் பார்த்தேன். அதிலும் மற்றவையெல்லாம் தடையின்றி ஓடின. புகார் எழுதியதற்கு வந்த பதில், செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவச் சொன்ன ஒற்றை வரி.

நேரலைக்காக மட்டும் சந்தா கட்ட நினைப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். முனைக்கோணப் பதிவுக்காக நான் புதுப்பித்துவிட்டேன்; தானாகப் பணம் பிடிக்கும் வசதியை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.