உண்ணி எண்ணும் ஜாடி: வாங்கலாம், மூடியை மட்டும் பார்த்து வாங்குங்கள்

தென்னாப்பிரிக்காவில் டோங்காட் பக்கம் கரும்புக் காட்டோரத்தில் எட்டுத் தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன். தேனீயின் உடம்பில் ஒட்டி உறிஞ்சுகிற வரோவா உண்ணியை எண்ணுவதற்கென்றே விற்கிற இரட்டை ஜாடியை ஆறு மாதம் முன்னால் 280 ரேண்டுக்கு வாங்கினேன். தெரிந்தவர்கள் இரண்டு பேர் கேட்டதால் விவரமாகவே எழுதுகிறேன்.

வெளியே ஒரு ஜாடி, உள்ளே ஓட்டை போட்ட கூடை, அவ்வளவுதான். பெட்டியிலிருந்து தேனீப் புழு இருக்கும் சட்டத்தை எடுத்து, ராணி அதில் இல்லை என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு, அரை கப் தேனீயைக் கூடைக்குள் தட்டிவிட வேண்டும். அது ஏறக்குறைய 300 தேனீ இருக்கும். ஸ்பிரிட் ஊற்றி ஒரு நிமிடம் குலுக்கினால் தேனீ கூடையிலேயே நிற்கும், உண்ணி கீழே இறங்கிவிடும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கடுகைவிடச் சிறிய, தட்டையான செம்பழுப்புப் புள்ளிகள் சுழன்று சுழன்று அடியில் படிவது நன்றாகத் தெரிகிறது. எண்ணி மூன்றால் வகுத்தால் நூறு தேனீக்கு எத்தனை உண்ணி என்று வந்துவிடும். மூடிய புழு அறைக்குள் இருக்கும் உண்ணி இந்தக் கணக்கில் வராது, அதை மறந்துவிடாதீர்கள்.

முன்பு ஐசிங் சர்க்கரை போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன், தேனீ சாகாது என்பதற்காக. ஆனால் நம் கடலோரப் புழுக்கத்தில் சர்க்கரை ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடுகிறது, உண்ணி உதிராமல் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரே பெட்டியில் ஒரே நாளில் இரண்டு விதமாகவும் பார்த்தேன்: சர்க்கரையில் 4, ஸ்பிரிட்டில் 11. 300 தேனீ சாவது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. சரி, நல்ல பருவத்தில் ராணி ஒரு நாளைக்கு ஆயிரம் முட்டைக்கு மேல் இடும், கூடு அதைத் தாங்கிவிடும்.

குறை மூடியில்தான். முதல் தடவை குலுக்கும்போதே ஸ்பிரிட் ஒழுகிக் கையுறையெல்லாம் நனைந்துவிட்டது, பக்கத்துப் பெட்டி மேல் தேனீயை அடக்கப் புகை போடுகிற புகைப்பான் கனன்றுகொண்டிருந்தது. நெருப்புப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! விற்றவர்களுக்கு எழுதினேன், பதிலே இல்லை. இப்போது மூடியின் மரையில் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பைச் சுற்றிவிட்டு, புகைப்பானைப் பத்தடி தள்ளி வைத்துவிட்டுத்தான் குலுக்குகிறேன்.

"நம்ம ஊர்த் தேனீ தாங்கிக்கும், எதுக்கு எண்ணிக்கிட்டிருக்கே?" என்று மாமா கேட்கிறார். அவர் சொல்வது பொய்யில்லை. 1997-ல் கேப் பக்கம் இந்த உண்ணி கண்டுபிடிக்கப்பட்டது, அப்புறம் சில வருடங்களிலேயே நம் தேனீக்கள் பெரும்பாலும் மருந்தில்லாமல் அதோடு வாழப் பழகிவிட்டன. ஆனால் எட்டுப் பெட்டியும் ஒரே மாதிரி தாங்குவதில்லையே! போன மாதம் ஒன்றில் 2, இன்னொன்றில் 19. எந்தக் கூட்டைப் பிரித்துப் பெருக்குவது என்று இந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன்.

வாங்கினால் அன்றைக்கே தண்ணீர் ஊற்றித் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கிப் பாருங்கள். ஒரு சொட்டு ஒழுகினாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.