ஊர்ந்து போகிற வேலைக்கு எந்த டிராக்டர்? எச்.எஸ்.டி. ஓட்டுகிறவனின் பதில்

பட்டறையிலிருந்து டிராக்டர் வீடு வந்து சேர்ந்த அன்றைக்கே அக்கா மகன் பீடோரிலிருந்து கூப்பிட்டுக் கேட்டான்: "மாமா, எனக்கு ஊர்ந்து போற வேலைதான் நிறைய. கியர் வண்டி எடுக்கவா, எச்.எஸ்.டி. எடுக்கவா?" எச்.எஸ்.டி. என்றால் எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டுகிற ஹைட்ரோஸ்டேடிக் வண்டி. அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். கோபம் இன்னும் முழுசாகத் தணியவில்லை. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

என்னுடையது 35 குதிரைத்திறன், நான்கு சக்கர இழுவை, மூன்று ரேஞ்ச் உள்ள எச்.எஸ்.டி. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் லிந்தாங் போகிற சாலைப் பக்கம், மறுநடவு செய்த செம்பனைக்கு நடுவே இஞ்சியும் மிளகாயும் போடுகிறோம். மண்ணைக் கிளறும் ரோட்டரியை ஓட்டிப் பாத்தி எடுப்பது, பாத்திமேல் பிளாஸ்டிக் விரிப்பது, ஆலையிலிருந்து வரும், பழம் உதிர்த்த வெறுங்குலையை ஆட்கள் டிரெய்லரிலிருந்து மரத்தடியில் தள்ளத் தள்ள கூடவே நகர்வது, இவைதான் வேலை. எதிலும் வேகம் கிடையாது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே நல்லது. கியர் வண்டியில் எஞ்சினும் சக்கரமும் ஒன்றோடு ஒன்று கட்டுப்பட்டவை. ரோட்டரிக்கு பி.டி.ஓ. (பின்னால் மாட்டிய கருவியைச் சுற்றும் தண்டு) நிமிடத்துக்கு 540 சுற்று வேண்டும். அதற்காக எஞ்சினை ஏற்றினால் வண்டியும் ஓடும், வண்டியை அடக்க எஞ்சினைக் குறைத்தால் ரோட்டரி செத்துவிடும். எச்.எஸ்.டி.யில் எஞ்சின் ஒரு எண்ணெய்ப் பம்பைச் சுற்றுகிறது, அந்த எண்ணெய் ஒரு மோட்டாரைச் சுற்றுகிறது, மோட்டார் சக்கரத்தைச் சுற்றுகிறது. பம்புக்குள் ஒரு தட்டு இருக்கிறது. பெடலை மிதித்தால் அது சாயும். சாய்வு கூடக்கூட எண்ணெய் கூடும். எஞ்சின் தன் பாட்டுக்கு ஒரே வேகத்தில் உறுமிக்கொண்டிருக்க, வண்டி எவ்வளவு போக வேண்டும் என்பதை நம் பாதம் முடிவு செய்கிறது. மண்ணுக்குள் பழைய வேர் தட்டுப்பட்டால் பாதத்தைக் கொஞ்சம் தளர்த்துவேன். ரோட்டரி கடித்துத் துப்பிவிட்டு மேலே போகும். பாரிட் (வடிகால்) ஓரத்தில் திருப்பும்போது முன்னே ஒரு அடி, பின்னே ஒரு அடி என்று கிளட்ச்சைத் தொடாமலே திருப்பிவிடலாம். தோட்டத்துப் பழைய டிராக்டரில் கிளட்ச்சைப் பாதி மிதித்து மிதித்தே ஊர வைத்த ஆட்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். கிளட்ச் தகடு கருகும் அந்த வாசம் என் வண்டியில் ஒரு நாளும் வந்ததில்லை. இதைப் புது மோஸ்தர், நம்ப முடியாது என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அமெரிக்காவில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1967இலேயே எச்.எஸ்.டி. வைத்த வயல் டிராக்டரை விற்க ஆரம்பித்துவிட்டது.

அப்புறம் என்னதான் குறை? அதற்கு 'மெதுவாக' என்றால் எவ்வளவு மெதுவாக என்று பார்க்க வேண்டும். செம்பனை மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர். சாதாரண கியர் வண்டிகள் பலவற்றில், பி.டி.ஓ. வேகத்தில், முதல் கியரே மணிக்கு 2 கிலோமீட்டரை ஒட்டிப் போகும். அப்படியென்றால் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு 16 விநாடி. மணிக்கு அரை கிலோமீட்டர் என்றால் ஒரு நிமிடத்துக்கும் கொஞ்சம் மேலே. பின்னால் மண்வெட்டியோடு ஆள் நடக்கிற வேலைக்கு இந்த இரண்டாவது வேகம்தான் வேண்டும். என் வண்டி அந்த வேகத்துக்கு வரும், அதில் சந்தேகமே இல்லை. வந்த வேகத்தில் நிற்காது என்பதுதான் என் புகார்.

காலையில் பாத்தியில் பிளாஸ்டிக் விரிக்கத் தொடங்குவோம். வெள்ளிப்பக்கம் மேலே இருக்கும்படி சுருளை மாட்டி நான் ஓட்ட, இரண்டு அக்காமார் இரு பக்கமும் ஓரத்தில் மண் தள்ளிக்கொண்டே வருவார்கள். முதல் பாத்தி அழகாகப் போகும். பதினொரு மணிக்கு எண்ணெய் நன்றாகச் சூடான பிறகு, பாதம் வைத்த இடத்திலேயே இருந்தாலும் வண்டி தளரும். கொஞ்சம் அழுத்துவேன். களிமண் பட்டை வந்தால் இன்னும் தளரும், இன்னும் அழுத்துவேன். அந்தப் பட்டை முடிந்து பொதபொத மண் வந்ததும் வண்டி ஒரு குதி குதிக்கும். விரிப்பு விறைத்து, தள்ளிய மண்ணை உதறிவிட்டு ஓரத்தில் சர்ரென்று கிழியும். "தம்பி, நிறுத்து!" என்று பின்னால் சத்தம் வரும். இறங்கிப் போய்ப் பார்த்தால் அவர்கள் குனிந்து செய்த வேலையெல்லாம் வீண்.

இதற்குக் காரணம் இருக்கிறது. பம்புக்கும் மோட்டாருக்கும் உள்ளே எண்ணெய் எப்போதும் கொஞ்சம் கசிந்துகொண்டேதான் இருக்கும். பாகங்கள் தேயாமல் இருக்க அந்தக் கசிவு தேவை. எண்ணெய் சூடாகி இளகினால் கசிவு கூடும், பாரம் ஏறி அழுத்தம் கூடினாலும் கூடும். வண்டி வேகமாகப் போகும்போது பம்ப் நிறைய எண்ணெய் தள்ளுகிறது, அதில் இந்தக் கசிவு தெரியாது. ஊரும்போது பம்ப் தள்ளுவதே சிறிதளவு. அதில் இவ்வளவு கசிந்தால் மிச்சம் என்ன? ஆக, எந்த வேலைக்காக இதை வாங்கினேனோ அந்த வேலையில்தான் இதன் பலவீனம் முழுசாக வெளியே தெரிகிறது. குரூஸ் (காலை எடுத்தாலும் வண்டியை ஓட வைக்கும் பூட்டு) போட்டால் சரியாகிவிடும் என்று விற்றவர் சொன்னார். என் வண்டியில் குரூஸ் பெடலைத்தான் பிடித்து வைக்கிறது, வேகத்தைப் பிடித்து வைப்பதில்லை.

இப்போது பட்டறைக் கதை. காலை எடுத்தாலும் வண்டி நிற்காமல் மெல்ல நகர ஆரம்பித்தது. பின்னால் ஆட்கள், பி.டி.ஓ. சுற்றிக்கொண்டிருக்கிறது, ஓட்டுகிறவன் காலை எடுத்தும் வண்டி நகர்கிறது என்றால் நினைத்துப் பாருங்கள். அன்றோடு வேலையை நிறுத்திவிட்டேன். முதலில் கொண்டுபோன இடத்தில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, பம்ப் போய்விட்டது, முழுசாக மாற்ற வேண்டும் என்று பல ஆயிரம் ரிங்கிட்டுக்கு விலை எழுதிக் கொடுத்தார்கள். மனம் ஒப்பாமல் டவுனில் ஒரு பழைய ஃபோர்மேனிடம் விட்டேன். அவர் கால் வைக்கும் தகட்டைக் கழற்றி, பெடலையும் பம்பையும் இணைக்கும் கம்பியின் புஷ்ஷை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை முட்டை வடிவில் தேய்ந்திருந்தது. ஒரே பக்கத் தேய்மானம். நாள் முழுக்க ஊர்கிற வண்டியில் பெடல் அந்த முதல் சில மில்லிமீட்டருக்குள்ளேயே ஆடிக்கொண்டிருக்கும், தேய்வதும் அங்கேதான் என்றார். புஷ்ஷையும் ஸ்பிரிங்கையும் மாற்றி, நியூட்ரலைச் சரிசெய்து கொடுத்தார். பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த விலைச்சீட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

டீசலையும் சொல்ல வேண்டும். எச்.எஸ்.டி. கியரைவிடக் கூடுதலான சக்தியைச் சூடாக வீணடிக்கும். தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டாக இருந்த வரை அதை யாரும் பேசவில்லை. 2024 ஜூன் 10ஆம் தேதி 3.35 ஆனதிலிருந்து எல்லோரும் பேசுகிறோம். டீசலுக்காக அரசு தரும் புடி உதவித்தொகை, 2024இல் மாதம் 200 ரிங்கிட்டாக, தகுதியுள்ள சிறுதோட்டக்காரர்களுக்கு வந்தாலும், நாள் முழுக்க பி.டி.ஓ. வேகத்தில் எஞ்சினை ஓட விடுகிறவனுக்கு அது எந்த மூலைக்கு?

பக்கத்து நிலத்துக்காரர் வைத்திருப்பது கிரீப்பர் உள்ள கியர் வண்டி. கிரீப்பர் என்பது வழக்கமான கியர்களுக்கு மேலே இன்னொரு குறைப்பு, அவ்வளவுதான். வண்டியை நிறுத்திவிட்டுத்தான் அதைப் போட வேண்டும். போட்ட பிறகு களிமண்ணோ மணலோ, காலையோ மத்தியானமோ, எஞ்சின் சுற்று மாறாதவரை சக்கரமும் மாறாது. அவர் பாத்தியில் விரிப்பு மேளத்தோல் மாதிரி இழுத்து உட்கார்ந்திருக்கும். தொல்லைகளும் உண்டு. பாத்தி முனைக்கு வந்ததும் நிறுத்து, கிரீப்பரை எடு, திருப்பு, நிறுத்து, மறுபடி போடு என்று கை ஓயாது. கிரீப்பரில் கட்டை பிடுங்குவது, உழுவது கூடவே கூடாது. எஞ்சின் விசை அத்தனை மடங்கு பெருகி அச்சுக்குப் போவதால் கடைசிப் பல்சக்கரங்கள் உடைந்துவிடும். முன்னே பின்னே போய்க்கொண்டே இருக்கிற லோடர் வேலையில் என் வண்டிதான் அவருடையதைவிட மேல், அதை அவரே ஒத்துக்கொள்வார்.

எண்ணிப் பார்த்தால் என் வேலைகளில் பாதிக்கு மேல் எச்.எஸ்.டி.க்குத்தான் வெற்றி. என் வண்டியை நான் விற்கப் போவதும் இல்லை. இருந்தும், ஊர்கிற வேலைதான் பிழைப்பு என்கிறவருக்கு என் பதில் கிரீப்பர் உள்ள கியர் வண்டிதான். கூடவே எண்ணெயில் ஓடும் கிளட்ச் வைத்த ஷட்டில் (முன்னே, பின்னே மாற்றும் கைப்பிடி) இருந்தால் முனையில் திருப்பும் பாடு குறையும்.

விளம்பரத் தாளில் போட்டிருக்கும் வேகத்தை நம்பி வாங்காதீர்கள். அது ஒரு குறிப்பிட்ட டயர் அளவுக்குப் போட்ட கணக்கு. பெரிய டயர் மாட்டினால் வேகமும் கூடிவிடும். எஞ்சினை மீட்டரில் 540 குறி வரை ஏற்றச் சொல்லுங்கள், கிரீப்பரில் ஆகக் குறைந்த கியரைப் போடச் சொல்லுங்கள், ஒரு நிமிடம் ஓட விட்டு டேப் பிடித்து அளந்து பாருங்கள். 5 மீட்டர் போனால் மணிக்கு 300 மீட்டர். 8 மீட்டரைக் கொஞ்சம் தாண்டினால் அரை கிலோமீட்டர். அதற்கு மேலே போகிற வண்டி விரிப்பு வேலைக்கு ஆகாது. கிளட்ச்சை மிதித்து வண்டியை நிறுத்தினாலும் பி.டி.ஓ. தனியாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். 540இ (540E) என்ற சிக்கன பி.டி.ஓ. இருந்தால் நல்லது. குறைந்த எஞ்சின் சுற்றிலேயே பி.டி.ஓ. 540க்கு வந்துவிடுவதால், இலகுவான வேலையில் டீசலும் மிச்சம், வண்டியும் இன்னும் மெதுவாகப் போகும். கிரீப்பரைப் பிறகு பொருத்திக்கொள்ளலாம் என்று விற்கிறவர் சொன்னால், அதற்கு வண்டியை நடுவில் பிரிக்க வேண்டுமா, கூலி எவ்வளவு, பிரித்த பிறகு உத்தரவாதம் நிற்குமா என்று கேட்டு, பதிலைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் முன்பணம் கொடுங்கள்.